கார் ரேஸ் ஹெல்மட் ரூல்: காசு குடுக்க முந்தி உள்ளுக்கு இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க

ஒரு சனிக்கிழமை காலம்பற, ரேஸ் தொடங்க ரெண்டு மணித்தியாலம் இருக்கேக்க, ஸ்க்ரூட்டினியரிங் எண்டு காரையும் சாமானையும் செக் பண்ற மேசைக்கு முன்னால கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருத்தன் கையில புது ஹெல்மட்டோட நிண்டவன். பளபளக்குது, பெட்டியில ரேஸிங் எண்டு பெரிய எழுத்தில போட்டிருக்கு, விலை எழுபத்தையாயிரம். செக் பண்ணின ஐயா உள் துணியை விலக்கிப் பார்த்தார், ஒருக்கா இல்ல எண்டு தலையாட்டினார், அவ்வளவுதான். என்ட்ரி ஃபீஸ் போச்சு, காரை ஏத்தி வந்த லொறிக் கூலி போச்சு, ரெண்டு மாசமா ஓவர்டைம் செஞ்சு சேர்த்த காசு போச்சு. நான் பக்கத்தில வேற ஒரு காருக்கு ஸ்பானர் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். என்ர கண் முன்னால இப்பிடித் திரும்பிப் போன மூண்டாவது ஆள் அவன். மூண்டு பேரும் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்து மாட்டின ஆக்கள் இல்ல, கேட்டுத்தான் வாங்கினவங்க, ஆனா கேட்ட இடம் பிழை.

சட்டக் கதை கொஞ்சமா சொல்லிட்டுப் போறன். இலங்கையில எந்த விளையாட்டும் 1973ஆம் ஆண்டு 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்துக்குக் கீழதான் வரும், ஆனா அதைப் பிரிச்சுப் பார்த்தா ஹெல்மட் பற்றி ஒண்ணும் கிடைக்காது. ஹெல்மட் விசயம் உலகக் கார் ரேஸுக்கு விதி போடுற எஃப்ஐஏட சர்வதேச விதிப் புத்தகத்தில அப்பெண்டிக்ஸ் எல் எண்ட பகுதியில இருக்குது, எந்த எந்த தரம் செல்லும், எது எப்ப வரைக்கும் செல்லும் எண்டது டெக்னிகல் லிஸ்ட் 25ல இருக்குது. ரெண்டும் எஃப்ஐஏ இணையத்தளத்தில சும்மாவே டவுன்லோட் பண்ணலாம். அதுக்கு மேல ஒவ்வொரு ரேஸ் மீட்டுக்கும் சப்ளிமென்டரி ரெகுலேஷன்ஸ் எண்டு ஒரு கடதாசி வரும், கடைசில உங்கள ஓட விடுறதும் விடாததும் அந்தக் கடதாசிதான். என்ட்ரி ஃபோர்ம்ல "அங்கீகரிக்கப்பட்ட ஹெல்மட் கட்டாயம்" எண்டு ஒரே ஒரு வரி மட்டும் இருக்கும். ஆர் அங்கீகரிக்கணும், எந்த வருஷத்து அங்கீகாரம் எண்டு இன்னும் ரெண்டு வரி எழுத என்ன கஷ்டமோ தெரியல, அந்த ரெண்டு வரி இல்லாததாலதான் அரைவாசிப் பேர் மாட்டுறது.

இப்ப ஸ்டிக்கர். கொழும்பு பஞ்சிகாவத்தையில போய் ரேஸ் ஹெல்மட் இருக்கா எண்டு கேட்டா ஃபுல் ஃபேஸ் எல்லாத்தையும் எடுத்து வைப்பாங்க. பின்னால டொட் எண்டு அமெரிக்கத் தரம் ஒட்டியிருக்கும், இல்லாட்டி ஐரோப்பாட ஈசிஈ, இந்தியாவில இருந்து வந்ததெண்டா ஐஎஸ்ஐ, இங்கத்தையது எண்டா எஸ்எல்எஸ். எல்லாம் மோட்டார் சைக்கிளுக்கான தரம், ரோட்டில பைக் ஓட அதுகள் சரி, கார் ரேஸுக்கு ஒண்ணும் செல்லாது. அதுவும் டொட் எண்டது செய்யிற கொம்பனியே தன்ர ஹெல்மட் பாஸ் எண்டு தானே ஒட்டுற ஒண்டு, விக்கிறதுக்கு முந்தி வேற ஆரும் செக் பண்ணி ஒட்டுறேல்ல.

நீங்க முக்கியமாத் தேடவேண்டியது ரெண்டு குடும்பம். ஒண்டு எஃப்ஐஏ 8859 இல்லாட்டி 8860 எண்டு தொடங்குற நம்பர். 8860 பெரிய விலை, போர்முலா வண் ஆக்கள் போடுற வகை, எங்கட ஆக்களுக்கு அது தேவையில்ல. மற்றது ஸ்நெல் எஸ்ஏ. 1956ல ஸ்நெல் எண்ட ஒருத்தர் ரேஸ்ல ஹெல்மட் காப்பாத்தாம செத்துப்போக அடுத்த வருஷம் அவர்ட பேரில தொடங்கின அமைப்புதான் இந்த ஸ்டிக்கரைக் குடுக்கிறது. கவனம், ஸ்நெல் எண்டு மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க, அதுக்குள்ளதான் பெரிய பொறி இருக்குது. ஸ்நெல் எம் எண்டா மோட்டார் சைக்கிள். ஸ்நெல் கே எண்டா கார்ட்டிங், பண்டாரகமையில கார்ட் ஓடின பொடியங்கள் அதே ஹெல்மட்ட காருக்கும் கொண்டுவந்து திரும்பிப் போறதுக்கு இதுதான் காரணம். எஸ்ஏ எண்டா மட்டும்தான் கார்.

இது சும்மா எழுத்து வித்தியாசம் இல்ல. கார் எரியும், அதால எஸ்ஏ ஹெல்மட்ட நெருப்பு பிடிச்சுப் பார்க்கிறாங்க, உள் துணி, பட்டி உட்பட. ஸ்நெல் எம் வகைக்கும் ஸ்நெல் கே வகைக்கும் அந்த டெஸ்ட் இல்ல. அடுத்தது, பைக்கில விழுந்தவன் தூக்கி எறியப்படுவான், கார்ல இருக்கிறவன் பெல்ட்டோட அங்கயேதான் இருப்பான், கார் உருளேக்க தலை ரோல் கேஜ் எண்டு கார் நசியாம உள்ளுக்குப் பூட்டுற அதே இரும்பில திரும்பத் திரும்ப அடிபடும். எஸ்ஏக்கு அந்த இரும்பு மாதிரியே ஒண்டில அடிச்சுப் பார்க்கிறது கட்டாயம். இதை அந்தக் கொட்டாஞ்சேனைப் பொடியனுக்கு ஒருத்தரும் சொல்லல. மேசையில இருந்தவர் ரிஜெக்ட் எண்டு மட்டும் சொன்னார், ஏன் எண்டு நான்தான் சொன்னன், அதுவும் அவன் பார்க்கிங்கில குந்திக்கொண்டு இருக்கேக்க.

அடுத்த பொறி வருஷம். எஸ்ஏ2015, எஸ்ஏ2020 எண்டு வாற நம்பர் தரத்தின்ர வருஷம், அந்த ஹெல்மட் செஞ்ச வருஷம் இல்ல. ஸ்நெல் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுத் தரம் விடுது, இப்ப கடைசியா வந்தது எஸ்ஏ2025. பழசு உடன செல்லாமப் போகாது, ஆனா ஒரு நாள் லிஸ்ட்ல இருந்து கழண்டு போகும், அப்பிடிக் கழறப்போறதைத்தான் கொழும்பில "சகாய விலை" எண்டு விப்பாங்க. பெட்டி உடைக்காத பழைய தரம், பாதி விலை, ஒரு சீசன் ஓடுவீங்க, அடுத்த சீசன் அலமாரியில வைப்பீங்க. செஞ்ச மாசமும் வருஷமும் தாடைப் பட்டியில இல்லாட்டி உள்ளுக்குத் தனி லேபல்ல இருக்கும், அதையும் பாருங்க, அஞ்சு வருஷத்தில மாத்தச் சொல்லித்தான் ஸ்நெல்லும் சொல்லுது.

ஸ்டிக்கர் உள்ளுக்கு, துணிக்குக் கீழ ஒட்டியிருக்கும், சீரியல் நம்பரோட. வெளியில ஒட்டியிருக்கிறது அலங்காரம், அதை நம்பாதீங்க. கடைக்காரர் துணியைக் கழட்ட விடாட்டி நன்றி சொல்லிட்டு அடுத்த கடைக்கு நடங்க. பிராண்ட் பேரையும் மாடலையும் ஸ்நெல், எஃப்ஐஏ தளங்கள்ல இருக்கிற லிஸ்டில தேடிப் பாருங்க, போன்லயே ரெண்டு நிமிச வேலை.

செகண்ட் ஹேண்ட் வேணவே வேணாம். வெளி ஓடு நல்லா இருக்கும், உள்ளுக்கு இருக்கிற ரெஜிஃபோம் மாதிரிப் பொருள் ஒருக்கா நசிஞ்சா நசிஞ்சதுதான், திரும்ப எழும்பாது, கண்ணாலயும் தெரியாது. விக்கிறவன் ஒருநாளும் கீழ விழுத்தினதைச் சொல்லமாட்டான். கமரா பூட்டத் துளை போட்டது, வண்ணார்பண்ணை மச்சான் ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சுத் தந்தது எல்லாம் செக் பண்ற மேசையிலயே மறிபடும். பெயின்ட்ல இருக்கிற தின்னர் சில ஓடுகளை அரிச்சு விடும், செக் பண்றவருக்கு அது தெரியும்.

சரி, வாங்க முந்தி ஆரிட்ட கேக்கிறது? இங்கதான் அலைச்சல். கிளப்புக்கு அடிச்சா ஸ்க்ரூட்டினியரிட்ட கேளுங்க எண்டுவாங்க. ஸ்க்ரூட்டினியர் ஆர் எண்டு மீட்டுக்கு ஒரு கிழமைக்கு முந்தித்தான் தெரியவரும், அவர் ரெகுலேஷன்ஸ்ல இருக்கு பாருங்க எண்டுவார். அதைத் திறந்தா முழுக்க இங்கிலீஷ், அப்பெண்டிக்ஸ் எல் படி எண்டு ஒரு வரி. நேர போனா "ஹெட்ட என்ன" எண்டு அனுப்புவாங்க. சிங்களத்தில அது நாளைக்கு வாங்க எண்டது, எங்கட காதுக்கு நாளைக்கு என்ன எண்டு கேக்கும், ரெண்டுக்கும் பதில் ஒண்டுதான், நாளைக்கும் ஒண்ணும் இல்ல.

அதால வாயால கேக்காதீங்க. வாங்கப்போற ஹெல்மட்டின்ர மொடல், உள் ஸ்டிக்கர் படம், செஞ்ச திகதி, மூண்டையும் போட்டு "இது இந்த மீட்டுக்கு செல்லுமா" எண்டு ஒரே ஒரு கேள்வியை மீட் நடத்துற ஆக்களுக்கு ஈமெயில் போடுங்க. இங்கிலீஷ் வராட்டி தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சு எழுதுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. பதில் வந்தா பிரின்ட் எடுத்து ஹெல்மட் பையில வையுங்க. வராட்டி நாலு நாள்ல அதே மெயிலைத் திரும்ப அனுப்புங்க. வாயால "ஓம் ஓம் பிரச்சினை இல்ல" எண்ட ஆள் சனிக்கிழமை காலம்பற மேசையில இருக்கமாட்டார். இது என்ர அனுபவம்.

வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிற ஆக்களுக்கு இன்னொரு கொடுமை. எனக்கு ஒருக்கா ஒரு பார்சல் கவுண்டர்ல நாலு நாள் போச்சு. முதல் நாள் இன்வொய்ஸ் இல்ல எண்டாங்க, அது பெட்டிக்குள்ள இருந்தது, பெட்டியைத் திறக்க வேற கவுண்டராம். ரெண்டாம் நாள் இது பைக் ஹெல்மட்டா எண்டு கேட்டாங்க, கார் ரேஸுக்கு எண்டன், கார்க்குள்ள ஏன் தம்பி ஹெல்மட் எண்டு சிரிச்சாங்க. மூண்டாம் நாள் கிளப் கடிதம் கேட்டாங்க. நாலாம் நாள் அந்தக் கடிதத்தை ஆரும் பார்க்கவே இல்ல. அதால இன்வொய்ஸை வெளியில ஒட்டச் சொல்லுங்க, அதில ஓட்டோ ரேஸிங் ஹெல்மட் எண்டும் 6506.10 எண்ட கஸ்டம்ஸ் கோடும் இருக்கட்டும், உண்மையான விலை இருக்கட்டும். கிஃப்ட் எண்டு போட்டா காசு மிச்சம் எண்டு சொல்ற ஆக்களை நம்பாதீங்க, கஸ்டம்ஸ்காரங்களே விலை போட்டு அதுக்கு வரி எடுப்பாங்க. வாட் மட்டுமே 18%, மற்ற வரியும் கட்டணமும் வேற, அந்தக் காசை முதல்லயே ஒதுக்குங்க. கிளப் கடிதம் ஒண்டு, ஐடி கார்ட் கொப்பி ரெண்டு, முதல் நாளே கையில இருக்கட்டும், கேட்டாலும் கேக்காட்டியும்.

ஆனா ஒன்லைன்ல எடுக்கிறதில எனக்குப் பிடிக்காதது அலைச்சல் இல்ல, சைஸ். ஸ்டிக்கர் சரியா இருந்து ஹெல்மட் தலையில ஆடினா அந்த ஸ்டிக்கரால ஒரு பிரயோசனமும் இல்ல, அதை மேசையில ஒருத்தரும் செக் பண்றதும் குறைவு. தையல்காரர்ட நாடாவை புருவத்துக்கு மேல ரெண்டரை சென்ரிமீற்றர் விட்டு, பின் மண்டையின்ர பெரிய இடத்தைச் சுத்தி மூண்டு தரம் அளவுங்க, பெரிய அளவை எடுங்க. அந்த அளவை அந்த பிராண்ட்ட சார்ட்ல பாருங்க, ஒரு பிராண்ட்ல மீடியம் எண்டா மற்றதிலயும் மீடியம் எண்டு இல்ல. ரெண்டு சைஸுக்கு நடுவில வந்தா சின்னதை முதல் போட்டுப் பாருங்க, ஏனெண்டா உள் துணி ஓட ஓட இளகும்.

போடேக்க நெருப்புத் தாங்குற தலைமூடியையும் போட்டுக்கொண்டு போடுங்க, ரேஸ்ல அதோடதான் இருக்கப்போறீங்க. கன்னம் ரெண்டும் அமர்ந்து, வாயைத் திறந்து கதைச்சா உள் கன்னம் கடிபடுற மாதிரி இருக்கணும், புதுசில அப்பிடித்தான். இப்ப ஹெல்மட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு தலையை மட்டும் திருப்புங்க, நெத்தித் தோல் ஹெல்மட்டோட சேர்ந்து இழுபடணும், தலை உள்ளுக்கு வழுக்கினா பெருசு. பட்டியைப் பூட்டிட்டு இன்னொருத்தரை பின் கீழ் விளிம்பில பிடிச்சு முன்னுக்குத் தூக்கச் சொல்லுங்க, கழண்டு வரப் பார்த்தா காசு குடுக்காதீங்க. பிறகு இருபது நிமிசம் போட்டுக்கொண்டு இருங்க. கடைக்காரர் மூஞ்சையைச் சுழிப்பார், சுழிக்கட்டும். கழட்டினாப் பிறகு நெத்தி நடுவில சிவப்பா ஒரு அடையாளம், அந்த ஒரு இடத்தில மட்டும் வலி எண்டா சைஸ் பிழை இல்ல, உங்கட தலை வடிவத்துக்கு அந்த பிராண்ட் சரிவராது. பெரிய சைஸ் எடுத்துச் சமாளிக்கிறதுதான் எல்லாரும் செய்யிற பிழை, பிராண்டை மாத்துங்க. கன்னத்தில மட்டும் பிரச்சினை எண்டா பாட் மாத்தலாம். கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோட பாருங்க. ஏலுமெண்டா கார் சீட்லயே பெல்ட் கட்டி இருந்து பாருங்க, உயரமான ஆக்களுக்கு ஹெல்மட் ரோல் கேஜ்ல முட்டும், அதை ரேஸ் நாள்ல கண்டுபிடிச்சு என்ன செய்யிறது.

ஹான்ஸ் எண்டு கழுத்துக்குப் போடுறது இருக்கே, அதைக் கேக்கிற மீட்டுக்குப் போறீங்க எண்டா ஹெல்மட்டின்ர ரெண்டு பக்கமும் அதுக்கான துளை கொம்பனியிலயே போட்டு வரணும். எஸ்ஏ2015ல இருந்து அது கட்டாயம். வீட்டில ட்ரில் பிடிச்சா ஹெல்மட்டும் போகும், அங்கீகாரமும் போகும்.

வாங்கினாப் பிறகு கார் பூட்டில போட்டு வைக்காதீங்க, கொழும்பு வெயில்ல உள்ளுக்கு அடுப்பு மாதிரி இருக்கும். துணிப்பையில, நிழல்ல, வேர்வை காஞ்ச பிறகு.

கடைசியா ஏமாத்தினா என்ன செய்யிறது. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டா பில் தரவேண்டியது வியாபாரிட கடமை. பில்லில சும்மா ஹெல்மட் எண்டு எழுத விடாதீங்க, "கார் ரேஸ் ஹெல்மட், ஸ்நெல் எஸ்ஏ2020" எண்டு முழுக்க எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தா அங்கயே உங்களுக்குப் பதில் கிடைச்சிடும். எழுதித் தந்து பிழையான சாமான் குடுத்தா வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள அந்த அதிகாரசபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுங்க, முதல் அவங்கட 1977 நம்பருக்கு அடிச்சு விசாரிக்கலாம். லைனில காத்து நிக்கவேண்டி வரும், போனை வைக்காதீங்க.

கொட்டாஞ்சேனைப் பொடியனும் திங்கட்கிழமை கடைக்குப் போனவன், நானும் கூடப் போனன். கடைக்காரர் நல்லாக் கதைச்சார், பிளேன் டீயும் தந்தார், பில் எங்க தம்பி எண்டார். பில் இல்ல. பில் இல்லாம எடுத்தா ரெண்டாயிரம் குறைச்சுத் தாறன் எண்டு சொன்னதும் அதே ஆள்தான்.