மோதல் பூஜ்யம் என்றது திரை

கட்டிடத் தகவல் மாதிரியாக்கம், அதாவது துறையில் நாங்கள் ‘பிம்’ என்று சொல்வதைப் பற்றி உரிமையாளர்களிடம் பேசும்போதெல்லாம், “கட்டிடத்தைத் திரையில் சுழற்றிக் காட்டுவார்களே, அதுதானே?” என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அது மட்டும் பிம் ஆகிவிடாது. கணினியில் உருவாக்கும் அந்தக் கட்டிட மாதிரியில் ஒரு கதவைத் தொட்டால் அதன் அகலம், தீயை எத்தனை நிமிடம் தாங்கும், எந்த அறைக்கு உரியது என்பதெல்லாம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் படம்தான்.

இதைவிட ஆபத்தானது, பீமும் (கூரையைத் தாங்கும் உத்தரம்) குழாயும் இடித்துக்கொள்ளும் இடங்களை மென்பொருளே கண்டுபிடித்துவிடும் என்ற நம்பிக்கை. நான் பணியாற்றிய ஓர் அலுவலகக் கட்டிடத்தில் இப்படிப்பட்ட மோதல்களைப் பட்டியலிடும் க்ளாஷ் அறிக்கை பூஜ்யம் என்று வந்தது. பீமின் அடிப்பகுதிக்கும் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் ஏசி டக்டுக்கும் இடையே 20 மி.மீ. இடைவெளி இருப்பதாகத் திரை காட்டியது. ஆனால் டக்டின் மேல் சுற்றவேண்டிய 25 மி.மீ. இன்சுலேஷனை, அதாவது வெப்பத்தடுப்பு உறையை, மாதிரியில் யாரும் சேர்த்திருக்கவில்லை. கழிவுநீர்க் குழாயும் மட்டமாகவே வரையப்பட்டிருந்தது. நீர் ஓடுவதற்காக நூற்றுக்கு ஒன்று என்று வாட்டம் (சரிவு) கொடுத்தால் 12 மீட்டர் ஓட்டத்தில் குழாய் 120 மி.மீ. இறங்கும் என்பது பிளம்பருக்குத் தெரியும், ஆனால் அவரை எந்தக் கூட்டத்துக்கும் நாங்கள் அழைத்திருக்கவில்லை. கடைசியில் அந்த நடைபாதையின் ஃபால்ஸ் சீலிங்கைத்தான் இறக்க வேண்டியிருந்தது.

மென்பொருளை வாங்கிவிட்டால் பிம் வந்துவிடும் என்பதும் இதே பிழையின் இன்னொரு முகம். பிம் தகவல்களை நிர்வகிப்பதற்காக 2018-இல் வெளியான ஐஎஸ்ஓ 19650 என்ற சர்வதேசத் தரநிலையின் முதல் இரண்டு பகுதிகளும், எந்தத் தகவலை யார், எப்போது, யாருக்குத் தரவேண்டும், அதை யார் சரிபார்த்து ஏற்கவேண்டும் என்பதைத்தான் பேசுகின்றனவே தவிர, எந்த மென்பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. வெவ்வேறு மென்பொருள்களில் வேலை செய்பவர்கள் மாதிரிகளைப் பகிர்ந்துகொள்ள ஐஎஃப்சி என்ற பொது வடிவமும் இருக்கிறது.

பெரிய விமான நிலையங்களுக்கும் மெட்ரோ ரயிலுக்கும் மட்டுமே இது பொருந்தும் என்பாரும் உண்டு. சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டிடங்களின் வரைபடங்களை 2015 முதலே பிம் வடிவில் அனுமதிக்குத் தரவேண்டும் என்று ஆக்கினார்கள். அது நடுத்தர அலுவலகக் கட்டிடத்தின் அளவுதான். இதற்கு நேர்மாறாக, எதையும் விடாமல் கதவுக் கைப்பிடியின் திருகாணி வரை வரைந்து கோப்பைப் பெருக்குபவர்களும் இருக்கிறார்கள், அதனால் கணினிதான் திணறும்.

இப்போது பூஜ்யம் என்று ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தால், இன்சுலேஷன், வாட்டம், குழாயைத் தாங்கும் கொக்கிகள், வால்வைத் திருகக் கை நுழையும் இடம் ஆகிய நான்கும் மாதிரியில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.