வேலை தேட உதவும் அரசுத் தளங்கள்: பதிவும் இலவசம், சொல்லித்தருவதும் இலவசம்

வேலை தேடுபவர்களுக்காக அரசு நடத்தும் இணையதளங்களில் பதியக் கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரியும். அந்தத் தளங்களைப் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு வழிகாட்ட மாவட்டந்தோறும் ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது, அதற்கும் காசு வாங்குவதில்லை என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால் யாரிடமோ பணம் கொடுத்துப் பதிந்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே போகாமல், "பதிஞ்சு வச்சிருக்கேன், ஒண்ணும் வரலை" என்று சொல்பவர்கள் நிறைய. அப்படிப் பதிந்தவர்களுக்கு ஏன் அழைப்பு வருவதில்லை, அதை எப்படிச் சரிசெய்வது, யாரைப் போய்க் கேட்பது என்று பார்க்கலாம்.

எதில் பதிந்திருக்கிறீர்கள்?

"எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்திருக்கிறேன்" என்று சொல்பவர்களில் பலர் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்தபோது பள்ளியிலேயே பதிந்தவர்கள். அது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. டிஎன் வேலைவாய்ப்பு என்ற அரசுத் தளத்தில் இருக்கும். அரசுப் பணியிடங்களுக்குப் பதிவு மூப்புப்படி பெயர் பரிந்துரைப்பதற்கான பட்டியல் அது. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலான அரசுப் பணிகள் இன்று போட்டித் தேர்வு வழியாக நிரப்பப்படுகின்றன. ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் நம்பிக் காத்திருப்பது போதாது. தனியார் கம்பெனிக்காரர்கள் ஆள் தேடும்போது அந்தப் பட்டியலைப் புரட்டுவதுமில்லை.

தனியார் வேலைக்கு வேறு தளம் இருக்கிறது. தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் என்ற பெயரில் மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை 2020இல் தொடங்கியது. டிஎன் பிரைவேட் ஜாப்ஸ் என்று தேடினால் வரும். முகவரியின் கடைசியில் 'டிஎன் டாட் கவ் டாட் இன்' என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் தேவைப்படும் நிறுவனமும் இதில் இலவசமாகவே பதிகிறது, வேலை தேடுபவரும் இலவசமாகவே பதிகிறார். இது போக ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகம் 2015 ஜூலையில் தொடங்கிய தேசிய தொழில்நெறி சேவைத் தளம் உண்டு. சுருக்கமாக என்.சி.எஸ். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கு அது கூடுதல் பயன்.

ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாகப் பதிவாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தனித்தனியாகத்தான் பதிய வேண்டும்.

இங்கே பலர் தயங்கி நின்றுவிடும் ஓர் இடம் உண்டு. தனியாரில் வேலைக்குச் சேர்ந்தால் எம்ப்ளாய்மென்ட் பதிவு போய்விடும், இத்தனை வருட சீனியாரிட்டி வீணாகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் வேண்டாம். தனியார் துறையில் வேலை கிடைத்தாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்து செய்யப்படாது என்று வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்புகளிலேயே மாவட்ட நிர்வாகங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உரிய மாதத்தில் புதுப்பித்துக்கொண்டே வந்தால் மூப்பு அப்படியே இருக்கும்.

உதவி கிடைக்கும் இடம்

முன்பு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் என்று அழைக்கப்பட்டதுதான் இப்போது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். எந்தத் தளத்தில் பதிவது, எந்த வேலைக்கு உங்கள் படிப்பு பொருந்தும், அடுத்து எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்றெல்லாம் அங்கே கேட்கலாம். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவசப் பயிற்சி வகுப்பும் அங்கேயே நடக்கிறது. முதுகலைப் படிப்பு, பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குச் சென்னையிலும் மதுரையிலும் தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியாக உள்ளன. மாற்றுத்திறனாளிகளுக்கென்று சென்னையில் சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது.

என்.சி.எஸ். தளத்தில் சிக்கல் என்றால் 1514 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம். அலுவலகம் ரொம்ப தூரம் என்பவர்கள் பக்கத்து இ-சேவை மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கேட்கலாம். அங்கே சேவைக் கட்டணம் இருக்கக்கூடும், முன்கூட்டியே கேட்டுவிட்டு உட்காருங்கள்.

போகும்போது ஆதார், எல்லா மார்க்‌ஷீட்டும், சாதிச் சான்றிதழ், முன்பு வேலை பார்த்திருந்தால் அனுபவச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் செல்போன். ஓ.டி.பி. அதில்தான் வரும்.

யார் நம்பர் கொடுத்தீர்கள்?

அழைப்பு வராததற்கு நான் முதலில் சந்தேகப்படும் காரணம் இதுதான். அவசரத்தில் பதியும்போது, பதிந்து கொடுத்தவரே தன் செல் நம்பரையும் தன் இமெயிலையும் போட்டுவிடுகிறார். வேலை சீக்கிரம் முடிகிறது, உங்கள் கையில் ஒரு பிரிண்ட் அவுட் கிடைக்கிறது. ஆனால் உங்கள் விவரத்தைப் பார்த்து ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் அந்த ஃபோன் வேறொருவர் மேஜையில் அடிக்கும். பாஸ்வேர்டு மறந்துபோய் மாற்ற முயன்றால் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். வீட்டுப் பெண்களின் பதிவில் அப்பா நம்பரோ கணவர் நம்பரோ இருப்பதும் இதே போலத்தான். அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் அழைப்பு வந்தால் எடுக்க ஆளிருக்காது. ஒருமுறை எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே உங்கள் பதிவில் இருப்பது உங்கள் நம்பர்தானா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் உள்ளே போய் மாற்றுங்கள். உள்ளேயே போக முடியவில்லை என்றால் ஆதாரோடு மாவட்ட மையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். இமெயில் இல்லாதவர்கள் தங்கள் பெயரில் ஒன்று தொடங்கி, அதன் பாஸ்வேர்டை வீட்டில் பத்திரமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம்பரை மாற்றினால் எல்லாத் தளங்களிலும் மாற்ற வேண்டும்.

"எந்த வேலையும் சரி" என்று போடாதீர்கள்

படிவத்தில் திறன், அனுபவம், விருப்பமான வேலை என்று கேட்கும் இடங்களைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது எதுவானாலும் சரி என்ற எண்ணத்தில் பொதுவாக எதையாவது போடுகிறார்கள். ஆனால் ஆள் தேடுபவர் குறிப்பிட்ட ஒரு வேலைக்குத்தான் தேடுகிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்றால் "டெய்லர்" என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். எந்தத் தையல் மிஷின், ஓவர்லாக்கா, பேட்லாக்கா, சிங்கரா, இல்லை தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கா என்றுதான் பார்ப்பார்கள். "தையல் தெரியும்" என்று எழுதுவதற்குப் பதில் "ஓவர்லாக் மிஷின், 3 வருடம், பீஸ் ரேட்டிலும் ஷிப்ட்டிலும் வேலை செய்திருக்கிறேன்" என்று எழுதினால் உங்களைத் தேடி எடுக்க முடியும்.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர் "சேல்ஸ்" என்பதோடு நிறுத்தாமல், பில் போடத் தெரியும், ஸ்டாக் எடுக்கத் தெரியும், கார்டு மிஷினும் கையாண்டிருக்கிறேன் என்று சேர்க்கலாம். வீட்டிலிருந்தே பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததும், அக்கா கடைக்கு ஜி.எஸ்.டி. பில் எழுதிக் கொடுத்ததும் அனுபவம்தான். சம்பள ரசீது இல்லை என்பதால் அதை மறைக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமம் இருந்தால் இருசக்கரமா, காரா, கனரக வாகனமா என்று தெளிவாகப் போடுங்கள். தெரியாததைத் தெரியும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

எந்த ஊரில் வேலை வேண்டும் என்ற இடத்தில் சொந்த மாவட்டத்தோடு பக்கத்து மாவட்டங்களையும் யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் பஸ்ஸில் போய்வர முடிகிற ஊர் பல நேரம் வேறு மாவட்டத்தில் இருக்கும்.

பதிந்த பிறகு

தனியார் வேலைத் தளம் கூப்பிடும்வரை காத்திருக்கும் இடமல்ல, நீங்களே தேடிப்பார்க்கும் இடம். வாரம் ஒருமுறையாவது உள்ளே போய், மாவட்டம், படிப்பு, துறை என்று வடிகட்டித் தேடுங்கள். பொருந்துகிற வேலைக்கு விண்ணப்பியுங்கள். நிறுவனத்தின் தொடர்பு எண் கிடைத்தால் காலை நேரத்தில் ஒரு ஃபோனும் போட்டுவிடுங்கள். "தளத்தில் பார்த்தேன் சார், அந்த இடம் இன்னும் காலியா இருக்கா?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பேசும்போது சம்பளத்தைக் கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். மாதம் 15,000 ரூபாய் என்று போட்டிருக்கிறது, அது முழுவதற்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. இந்தப் பிடித்தம் உங்களுக்கு நல்லதுதான், பி.எஃப். உங்கள் சேமிப்பு, ஈ.எஸ்.ஐ. குடும்பத்துக்கே மருத்துவம். பிடித்தமே இல்லை, முழுச் சம்பளமும் கையில் என்று சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கூடவே ஷிப்ட் நேரம், இரவு வேலை உண்டா, கம்பெனி வண்டி வருமா, ஹாஸ்டல் என்றால் வாடகையும் சாப்பாடும் சம்பளத்தில் கழிப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இணையமே ஒத்துவராதவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்ட மையங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய அளவில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். எந்த வெள்ளி என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நிறுவனத்து ஆட்கள் நேரிலேயே வந்து உட்கார்ந்து பேசி எடுப்பார்கள். அனுமதி இலவசம். நாலைந்து பயோடேட்டா, சான்றிதழ் நகல்களோடு காலையிலேயே போய்விடுவது நல்லது. பெரிய முகாம்கள் கல்லூரி வளாகங்களில் அவ்வப்போது சனிக்கிழமைகளில் நடக்கின்றன. தளத்தைத் தடவித் தடவித் தேடுவதைவிட, நேரில் பேசி வேலை வாங்குவது சிலருக்கு எளிதாக இருக்கும். அவர்களை நான் முகாமுக்கே போகச் சொல்வேன்.

பணம் கேட்டால் நின்றுவிடுங்கள்

அரசுத் தளத்தின் பெயரைச் சொல்லி "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்", "டெபாசிட்", "லேப்டாப்புக்கு முன்பணம்" என்று யார் கேட்டாலும் அது மோசடி. பதியவும் காசில்லை, விண்ணப்பிக்கவும் காசில்லை, முகாமுக்குப் போகவும் காசில்லை. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டு உள்ளே போகாமல், நீங்களே முகவரியை அடித்துப் போங்கள். ஓ.டி.பி.யை ஃபோனில் யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை ஒன்றிய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடலாம். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாடுகளுக்கு ஆள் எடுக்கிறது. டூரிஸ்ட் விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி 2022இல் தாய்லாந்து வழியாக மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் மாட்டிக்கொண்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

உதவித்தொகை

எம்ப்ளாய்மென்ட் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வந்து 5 ஆண்டு முடிந்தும் வேலை இல்லாதவர்களுக்கு மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. 3 ஆண்டு வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45க்குள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து 1 ஆண்டு முடிந்தாலே போதும், வருமான வரம்பு இல்லை, படிப்புக்கேற்ப 600, 750, 1,000 ரூபாய் என 10 ஆண்டு வரை தருகிறார்கள். தொகை சின்னதுதான், இன்றைய விலைவாசிக்கு நிச்சயம் உயர்த்த வேண்டிய தொகை. ஆனாலும் நேர்காணலுக்குப் போய்வரும் பஸ் செலவுக்காவது ஆகும், தகுதி இருந்தால் விடாதீர்கள். விண்ணப்பப் படிவம் அதே மாவட்ட மையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நம்பர் மாற்றப் போகும் அன்றே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.