மனம் கலங்கித் தெருவில் நிற்பவருக்கு என்ன உரிமை? காவல் நிலையத்துக்கு என்ன கடமை?

இராமேசுவரத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வடக்கே எங்கோ ஒரு நிலையத்தில் தன்னை மறந்து ரயிலேறியவரை நடுவில் யாரும் இறக்கிவிடாவிட்டால், அவர் இங்கேதான் வந்து இறங்குவார். அக்னி தீர்த்தக் கரையிலும் பேருந்து நிலையத்திலும் சடை பிடித்த தலையோடு, நமக்குப் புரியாத மொழியில் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பவர்களை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். சிலரை வீட்டார் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் வரும் ஏர்வாடி தர்காவைச் சுற்றியும் அப்படி நிற்பவர்கள் உண்டு.

இவர்களுக்கு ஒரு வேளைச் சோறு கிடைப்பது இங்கே அரிதில்லை. கோயிலில் அன்னதானம், தர்காவில் நேர்ச்சைச் சோறு, நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி, டீக்கடையில் யாராவது வாங்கித் தரும் பன். சேதுவுக்கு நடந்து வந்தவர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டிய சீமை இது; வந்தவருக்கு இலை போடுவது பழகிப்போன அறம். மனநோயோடு வீதியில் நிற்பவருக்கு அந்தச் சோறு போதாது. வைத்தியம் வேண்டும், தலைசாய்க்க இடம் வேண்டும், எங்கோ அவரைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். இந்த மூன்றுக்கும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மற்ற மாவட்டங்களைவிட நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கூடுதலாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காரணம், ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. பலர் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று தடை செய்கிறது. வீடு திரும்பலாம் என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று குடும்பமே விரும்பினாலும் சங்கிலி கூடாது. தர்காவில் தங்கித் துஆ (பிரார்த்தனை) செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. மருந்தும் துஆவும் சேர்ந்தே நடக்கட்டும் என்றுதான் ஏர்வாடியில் அரசு மனநல சிகிச்சையைத் தர்காவின் அருகிலேயே கொண்டுவந்தார்கள். நம்பிக்கையோடு வந்தவரை விரட்டாமல் வைத்தியத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நல்ல காரியம்.

பிரிவு 100 என்ன சொல்கிறது?

தன் எல்லைக்குள் ஒருவர் ஆதரவின்றித் திரிகிறார், அவருக்கு மனநோய் இருக்கிறது, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. செய்தால் செய்யலாம் என்ற சலுகை இதில் கிடையாது. நோயினால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் என்று தோன்றினாலும் இதே கடமைதான்.

பாதுகாப்பில் எடுப்பது கைது ஆகாது. தமிழ்நாட்டில் 1945-ஆம் ஆண்டுப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பார்வையில் பிச்சை எடுப்பது குற்றம். அந்தச் சட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிவு 100-இன்படி அழைத்துச் செல்லப்படுபவர் குற்றவாளி அல்லர். அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. ஏன் அழைத்துப் போகிறோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும். அங்கே மருத்துவர் பரிசோதித்து, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்வார். மனநல மருத்துவர் இல்லை என்ற காரணத்தால் உள்ளூர் அரசு மருத்துவமனை கையை விரித்துவிட முடியாது; மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு அந்த மருத்துவ அதிகாரிக்கு உண்டு.

சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், போலீசார் அவரை வாசலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வீடு இருந்தால் வீட்டில், இல்லையென்றால் வீடற்றோருக்கான அரசு இல்லத்தில் கொண்டு சேர்க்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. இப்படி வீடற்றோ வழி தெரியாமலோ திரிந்தவருக்காகக் காவல் நிலையத்தில் 'ஆள் காணவில்லை' என்று முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிவிப்பது நிலைய அதிகாரியின் பொறுப்பு. இந்த ஒரு பதிவு நடக்காமல் போவதால்தான் ஒடிசாவிலோ பீகாரிலோ ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் மகனைத் தேடிக்கொண்டிருக்க, மகன் இங்கே பெயரில்லாமல் வாழ்ந்துகொண்டிருப்பான். ஆதார் எடுக்கக் கைரேகை வைத்தபோது பழைய பதிவு வெளிவந்து, காணாமல் போனவரின் ஊரும் பேரும் தெரிந்த நிகழ்வுகள் நாட்டில் பல உண்டு. அப்படி ஒரு வழி இருப்பதையும் காப்பகம் நடத்துகிறவர்களும் போலீசாரும் நினைவில் வைக்கலாம்.

யாரைக் கூப்பிடுவது?

பார்த்தவர் யாராக இருந்தாலும் சொல்லலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. அவசர எண் 112 அல்லது உள்ளூர்க் காவல் நிலையம். காயம், புண், மயக்கம் இருந்தால் முதலில் 108. "ரோட்டில ஒரு பைத்தியம் நிக்குது, அப்புறப்படுத்துங்க" என்று சொன்னால் அது அகற்றும் வேலையாகவே முடியும். "மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100-இன்படி இவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று, இடம், நேரம், அவர் இருக்கும் நிலை எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மனுவுக்கு ரசீது கேளுங்கள். என்ன செய்வது என்றே தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். டெலி-மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆதரவற்று நிற்பவர் முதியவர் என்றால் 14567-லும் சொல்லலாம்.

வீட்டுக்குள்ளேயே ஒருவரை அடைத்துவைத்து, பட்டினி போட்டு, அடித்துக் கொடுமைப்படுத்துவது தெரிந்தால் அதற்குப் பிரிவு 101 இருக்கிறது. தெரிந்தவர் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். நிலைய அதிகாரி உடனே நீதித்துறை நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

காசு, கையெழுத்து, காகிதம்

வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும், ஆதரவற்றவருக்கும், வீடற்றவருக்கும் அரசு மனநல நிலையங்களிலும் அரசு நிதியில் நடக்கும் மற்ற நிலையங்களிலும் சிகிச்சை இலவசம் என்று பிரிவு 18 சொல்கிறது. ஆதரவற்றவர், வீடற்றவர் என்றால் அதற்கு வறுமைக் கோட்டு அட்டை காட்ட வேண்டியதில்லை. தெருவில் கிடந்தவரிடம் ரேஷன் கார்டு எங்கிருந்து வரும்? சட்டத்தை எழுதியவர்கள் அதை யோசித்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட உறவினர் இல்லையே என்ற தடையும் எழக் கூடாது. அவருக்கு நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்பவர், யாரும் இல்லாதபோது, மனநலப் பணியில் இருக்கும் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் ஆள் தற்காலிகமாக அந்தப் பொறுப்பை ஏற்கலாம். தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் தெருவில் மீட்கப்பட்டவர்களுக்காகவே 'அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம்' என்ற பெயரில் படுக்கைகள் ஒதுக்கி நடத்துகிறார்கள்.

குணமான பிறகு எங்கே போவது? எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்க மறுக்கிறது, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது பிரிவு 19. ஊருக்குள், மனிதர்களோடு வாழும் உரிமை அவருக்கு உண்டு. அதற்காக, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில் தங்கி வாழும் பாதிவழி இல்லங்களை அரசு அமைக்க வேண்டும். இப்படி வாழவைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு பெல்ஜியம் நாட்டில் கேல் என்ற ஊர் பதில் சொல்கிறது. ஏர்வாடியைப் போலவே அதுவும் மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் வந்த புனிதத் தலம். புனித டிம்ப்னாவின் தேவாலயம் அங்கே இருக்கிறது. தேவாலயத்தில் இடம் போதாமல் போனபோது ஊர்க்காரர்கள் வந்தவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். பல நூற்றாண்டுகள் தாண்டியும் அந்த வழக்கம் நிற்கவில்லை. 1930-களில் 3,000-க்கும் மேற்பட்டோர் அங்கே குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். இன்று அரசு மருத்துவமனை பின்னால் நின்று அந்தக் குடும்பங்களுக்கு ஆதரவு தருகிறது. அந்த ஊரில் அடைக்கலம் கொடுத்தது குடும்பங்கள். நம் ஊரில் அது கொட்டகைக்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்தது.

வீடற்றோர் தங்குமிடத்துக்குத் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு, 1 லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் இடம் என்பது. இராமேசுவரம் நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 45,000. ஆனால் இந்தத் தீவில் அடைக்கலம் தேடி நிற்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்? யாத்திரை ஊர்களுக்கு வருகிறவர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நகராட்சிக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

குணமாகி இங்கேயே தங்குபவருக்கு வேறு உதவிகளும் உண்டு. 60 வயதான ஆதரவற்றவர் என்றால் முதியோர் உதவித்தொகை. 2023 ஆகஸ்டிலிருந்து அது மாதத்துக்கு 1,200 ரூபாய். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஓர் ஊனமாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், மருத்துவச் சான்றோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

காவல் நிலையத்தில் மனுவை வாங்க மறுத்தாலோ மருத்துவமனையில் திருப்பி அனுப்பினாலோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியை 15100-இல் கேட்கலாம். மனநோய் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. காப்பகத்தில் யாரையாவது பிணைத்திருப்பதைப் பார்த்தாலும், பதிவில்லாமல் காப்பகம் நடப்பது தெரிந்தாலும் இதே இடங்களில் சொல்லுங்கள். பதிவில்லாமல் நடத்துவதற்கு முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். சட்டத்தை முதல் முறை மீறுபவருக்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.