சுரங்க மண்ணில் தீவனப்புல்: யூரியாவுக்கு முன்னால் எரு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்த குழிகளை, தோண்டிய மண்ணையே போட்டு மூடிச் சமன் செய்கிறார்கள். பார்வைக்கு வயல் போலத்தான் இருக்கும். ஆனால் ஆழத்தில் கிடந்த மணலும் களியும் தாறுமாறாகக் கலந்து மேலே வந்திருக்கும். மக்கு (இலைதழை, சாணம் மட்கிய பொருள்) பேருக்குக்கூட இருக்காது. தீவன ஆலோசனைக்காக இப்படிப்பட்ட நிலங்களுக்குப் போகும்போது நான் அதிகம் கேட்கும் கேள்வி, "புல் வெளுத்துப்போச்சு, இன்னும் எவ்வளவு யூரியா போடலாம் சார்?" என்பதுதான்.

யூரியாவைப் பிடித்து வைக்க மக்கு வேண்டும். அது இல்லாத மணலில், ஐப்பசி மழை ஒன்று பலமாகப் பெய்தால் போட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) வேருக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் முதல் பருவத்தில் புல்லே வேண்டாம் என்பது என் கருத்து. சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். பிறகு ஏக்கருக்கு 10 டன் தொழு உரம். பால் ஊற்றிப் பிழைப்பவருக்கு ஒரு பருவம் காத்திருப்பது கஷ்டம், தெரியும். ஆனாலும் வேறு வழி இல்லை.

மண் மாதிரியை வழக்கமாகப் பல இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலப்போம். இங்கே அது சரிவராது. நிறம் மாறும் இடமெல்லாம் தனி மாதிரியாக எடுங்கள்.

கம்பு நேப்பியர் என்ற ஒட்டுத் தீவனப்புல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 40 கிலோ. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் முழுவதும் அடியுரம், தழையில் பாதியும் அப்போதே. ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்குச் சுமார் 65 கிலோ யூரியா. சுரங்க மண்ணில் இதை ஒரேயடியாகக் கொட்டாமல், துளிர் வந்ததும் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி என்று பிரித்துப் போடுங்கள். வரப்போரம் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச்செடி வைத்தால் புரதமும் கிடைக்கும், காற்றிலுள்ள தழைச்சத்தும் மண்ணில் சேரும்.

அப்புறம், மாட்டைப் பற்றி ஒன்று. யூரியா அதிகம் போட்ட புல் வறட்சியில் வாடினாலோ, வானம் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தாலோ தண்டின் அடியில் நைட்ரேட் தேங்கும், அது மாட்டுக்கு நஞ்சு. அந்த நாட்களில் பசியோடு இருக்கிற மாட்டுக்கு அந்தப் புல்லை மட்டும் போடாதீர்கள், வைக்கோலும் கலந்து கொடுங்கள். மூச்சு வாங்கி, தள்ளாடி, ஈறு நீலமோ பழுப்போ பாய்ந்தால் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். மெத்திலீன் புளூ ஊசியை நேரத்தில் போட்டால் மாட்டைக் காப்பாற்ற முடியும்.