விமானம் தாமதமானால் 600 யூரோ வரை: ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தரும் உரிமை

பாரிஸிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு ஒரே முன்பதிவில் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். பாரிஸில் விமானக் கோளாறால் புறப்பாடு தள்ளிப்போய், துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, ஏழு மணி நேரம் தாமதமாகச் சென்னையில் இறங்குகிறீர்கள். விமான நிறுவனம் வளைகுடா நாட்டுடையது. அப்படியிருந்தும் ஆளுக்கு 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய குழந்தைக்கும் அதே தொகைதான். நம்மவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இதற்கு அடிப்படை, 2005 பிப்ரவரி 17 முதல் நடப்பில் இருக்கும் 261/2004 என்ற ஒழுங்குமுறை. ஐரோப்பிய ஆணையம் வரைவை வைத்தது. ஐரோப்பிய நாடாளுமன்றமும், உறுப்பு நாட்டு அமைச்சர்கள் அமரும் மன்றமும் சேர்ந்து நிறைவேற்றின. பிரான்ஸ் நாடாளுமன்றமோ ஜெர்மன் நாடாளுமன்றமோ அதைத் தனியாக மறுபடி நிறைவேற்றத் தேவையில்லை. ஒழுங்குமுறை என்ற வகைச் சட்டம் எல்லா உறுப்பு நாடுகளிலும் அப்படியே செல்லும். உள்நாட்டுச் சட்டம் அதற்கு முரணாக இருந்தால் ஒன்றியச் சட்டமே நிற்கும். 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்த ஓர் இத்தாலியரின் வழக்கில், லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1964-லேயே இதை உறுதி செய்துவிட்டது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. விமானம் ரத்தானால் இழப்பீடு என்று ஒழுங்குமுறையில் தெளிவாக எழுதியிருக்கிறது. தாமதத்துக்கு அப்படி எழுதவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கனடா சென்று திரும்பிய ஒரு குடும்பம், சுமார் 25 மணி நேரத் தாமதத்துக்காக வழக்குப் போட்டது. ஜெர்மன் உச்ச நீதிமன்றம் தானே முடிவெடுக்காமல், இந்தச் சட்டத்துக்கு என்ன பொருள் என்று லக்சம்பர்கைக் கேட்டது. 2009 நவம்பரில் பதில் வந்தது: மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தவரும் விமானம் ரத்தானவரைப் போலவே நேரத்தை இழந்தவர்தான், அவருக்கும் இழப்பீடு உண்டு. கேட்டது ஜெர்மன் நீதிமன்றம் என்றாலும், போர்ச்சுகலிலும் போலந்திலும் இருக்கும் நீதிபதிகளையும் அந்தப் பதில் கட்டுப்படுத்துகிறது.

தொகை டிக்கெட் விலையைப் பொறுத்ததல்ல, தூரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதைத் தாண்டிய பயணத்துக்கும், மற்றபடி 3,500 கிலோமீட்டர் வரையும் 400. அதற்கும் மேல் 600. இதில் மட்டும் தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் நிறுவனம் பாதியாகக் குறைக்கலாம். விமானம் தரை தொட்ட நேரத்தை வைத்துக் கணக்கிடக்கூடாது. பயணிகள் இறங்கக் கதவு திறக்கும் நேரம்தான் கணக்கு.

கடும் புயல் போன்ற அசாதாரணச் சூழல் காரணமென்றால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. இயந்திரக் கோளாறு பொதுவாக அந்தப் பட்டியலில் வராது. 'தொழில்நுட்பக் காரணம்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடாதீர்கள். புயலே ஆனாலும், காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடும், இரவு தங்க வேண்டியிருந்தால் விடுதியும் நிறுவனத்தின் பொறுப்பு.

திரும்பி வரும் பயணத்தில் கவனம் தேவை. சென்னையிலிருந்து பாரிஸுக்கு வளைகுடா நிறுவனத்தில் வந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஜெர்மன் அல்லது பிரெஞ்சு நிறுவனம் இயக்கும் விமானத்தில் வந்தால் பொருந்தும்.

முதலில் விமானத்தை இயக்கிய நிறுவனத்துக்கே எழுதுங்கள். மறுத்தால், ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் இதற்கென உள்ள அமைப்பில் புகார் செய்யலாம், உள்ளூர் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் எத்தனை ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்கிறது: ஜெர்மனியில் மூன்று ஆண்டு, பிரான்ஸில் ஐந்து. அதுவரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.