கடல் கடந்து வந்த கிழங்குக்கு அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

என்னிடம் காட்ட வரும் தரை ஆர்க்கிட் தொட்டிகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஆஸ்திரேலியாவிலிருந்து வட அரைக்கோளத்துக்கு வந்த டெரோஸ்டைலிஸ் என்ற தரை ஆர்க்கிட்டின் கிழங்கு. ஜனவரியில் கைக்குக் கிடைத்த அன்றே நட்டு, தினமும் தண்ணீர். தோண்டினால் விரலில் கூழாக வருகிறது. மனசு கஷ்டமாக இருக்கும். வளர்த்தவர் செய்தது எல்லாம் அக்கறையில்தான்.

தென் அரைக்கோளத்தில் ஜனவரி கோடைக்காலம். கிழங்கு உறங்கும் நேரம். அங்கே பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலையுதிர் காலம் தொடங்க முளைக்கும். குளிர்காலம் முழுக்கப் பச்சையாக இருந்து, கோடை வரும்முன் காய்ந்துவிடும். பெட்டியில் ஏறி வந்தாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. மார்ச்சில் அது கண் விழிக்கும்போது வடக்கே வெயில் நெருங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் வருஷம் பூவை மறந்துவிடுங்கள். புதுக் கிழங்கு ஒன்று கிடைத்தால் போதும். முளை தடிக்கும்வரை உலர்ந்த மணலில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பேன். முளை தெரிந்தபின் நட்டு, லேசாக நீர் விட்டு, முடிந்தவரை வெயில் படாமல் அந்தக் குறுகிய பருவத்தை இழுத்துப் பிடிப்பேன். இலை மஞ்சளானதும் நீரை நிறுத்திவிடுவேன். அப்புறம் கோடையில் மெல்லக் கிளறினால், சுருங்கிய பழுப்புத் தோல் ஒன்றும், பக்கத்தில் பட்டாணி அளவு வெள்ளைக் கிழங்கு ஒன்றும் இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா? உயிர் இருக்கிறது. நட்டதைவிடச் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. வடக்கின் இலையுதிர் காலத்தில் அது எழுந்தால் பருவம் பொருந்திவிட்டது.

வட அரைக்கோளத்திலிருந்து தெற்கே போகும் சைப்ரிபீடியம் என்ற தரை ஆர்க்கிட்டுக்கு இதே வழி ஆகாது. அது உருண்டைக் கிழங்கு இல்லை, வேரோடு கூடிய தண்டு, காய்ந்தால் செத்துவிடும். ஈரம் பிழிந்த பாசியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 5 டிகிரி செல்சியஸில், உறையவிடாமல், தெற்கின் வசந்தம் நெருங்கும்வரை வைக்க வேண்டும்.

கலடேனியா என்ற ஆஸ்திரேலியத் தரை ஆர்க்கிட்டை ஆரம்பத்திலேயே வாங்காதீர்கள். தன் மண்ணில் உள்ள பூஞ்சையைச் சார்ந்தே அது வாழ்கிறது. அந்தத் துணை இல்லாவிட்டால் தாக்குப்பிடிக்காது.

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஏற்றுமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கேளுங்கள். காட்டில் தோண்டியது என்று சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இந்தச் செடியின் இலை எந்த மாதம் காய்ந்தது? பதிலைத் தொட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.