காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள்?

2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு கொரோனாவுக்காக இலங்கை முழுவதும் ஊரடங்கு போட்டு இரண்டு நாள். பின்னேரம் போல யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டக்காரர் ஒருவரை மகன் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அறுபதைத் தாண்டிய மனிதர். தானாகவே இறங்கி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்து வந்து கட்டிலில் இருந்தார். "எனக்கு ஒண்டுமில்லை டொக்டர், கொஞ்சம் களைப்பு. இவன்தான் பயந்துபோனான்" என்றார். விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒட்சிமானி 76 என்று காட்டியது; 94க்குக் கீழே போனாலே வைத்தியசாலைக்கு வரவேண்டும். நகத்தில் வெங்காயத் தறை மண் ஏறியிருந்ததால் பிழையாகக் காட்டுகிறதோ என்று மற்றக் கை விரலை ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டிப் பார்த்தேன். 77.

"காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள்?" என்று கேட்டேன். மகன் "அஞ்சாறு நாள் இருக்கும்" என்றார். வீட்டிலிருந்த அம்மா தொலைபேசியில் திருத்தினார்: "இல்லை தம்பி, நல்லூர்க் கொடியேறின அண்டுதான் உடம்பு நோகுதெண்டு படுத்தவர். எண்ணிப் பாருங்கோ, பத்து நாள்." அந்தப் பத்து நாளும் பனடோலும் கொத்தமல்லித் தண்ணியும்தான்.

அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அதே கிழமை, அதே விடுதியில், அவரைவிட வயது கூடிய, சலரோகமும் பிரஷரும் உள்ள ஒரு அம்மா சுகமாகி வீட்டுக்குப் போனார். அவர் வந்தது ஆறாம் நாள், ஒட்சிசன் அளவு 92இல் இருக்கும்போது. மருந்து ஒன்றுதான், பார்த்த கைகளும் ஒன்றுதான். இரண்டு நோயாளிகளை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு மாதமும் இதே கதையை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். (இங்கே சொல்லும் நோயாளிகளை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எங்கள் சனத்துக்கு நாள் எண்ணிக்கை புதிதல்ல. மாரி தொடங்கினால் டெங்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கவேண்டும், காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனம் என்று தாங்களாகவே சொல்வார்கள். கொரோனாவிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. முதற் கிழமை பெரும்பாலும் வைரசின் வேலை: காய்ச்சல், தடிமன், உடம்பு நோ. பலர் அதோடு தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் ஏழாம் எட்டாம் நாளளவில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறி எழும்பி நுரையீரலை வீங்கவைக்கும். "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் ஆறுதலடைகிற நாளும் அதுவாகவே இருக்கும்.

அந்தத் தோட்டக்காரருக்கு 76இலும் இளைப்புத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதுதான். கொரோனா நிமோனியாவின் தொடக்கத்தில் காபனீரொட்சைட்டு வழமைபோல வெளியேறிக்கொண்டிருக்கும்; ஒட்சிசன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். ஆள் கதைப்பார், தேத்தண்ணி கேட்பார், கழிப்பறைக்கு நடந்து போவார். அந்த நடையிலேயே விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெருந்தொற்றின் போது வைத்தியசாலைக்கு வந்தவர் பிழைப்பாரா என்பதை நோயும் வயதும் மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் அந்தப் பெருந்தொற்றின் எந்தக் கட்டத்தில் வந்தார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. பிரித்தானியாவில் 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனாவோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்களில் 100க்கு 32 பேர் இறந்தார்கள். ஜூன் நடுப்பகுதிக்கும் ஓகஸ்ட் தொடக்கத்துக்கும் இடையில் சேர்க்கப்பட்டவர்களில் அது 16 ஆகக் குறைந்தது. நியூயோர்க்கில் ஒரு பெரிய வைத்தியசாலைக் குழுமத்தில், வயதையும் மற்ற நோய்களையும் சரிப்படுத்திக் கணக்கிட்ட பிறகும், மார்ச்சில் 25.6 வீதமாக இருந்த இறப்பு ஓகஸ்டில் 7.6 வீதமாக இறங்கியது. வைரஸ் அதற்குள் சாதுவாகிவிடவில்லை. வைத்தியர்களும் தாதியரும் கற்றுக்கொண்டார்கள், விடுதிகளில் நெரிசலும் குறைந்தது.

கற்றுக்கொண்டவற்றில் பெரியது, விலை மலிந்த ஒரு பழைய மருந்து. 2020 ஜூன் 16ஆம் திகதி பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து பற்றிய முடிவை வெளியிட்டது. நாளுக்கு 6 மில்லிகிராம், கூடினது 10 நாள். செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றிலொரு பங்கும், ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்திலொரு பங்கும் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இந்தக் கடைசி வசனம் எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. 2021இல் காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாளே, யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீரொயிட் குளிசை போட்டுக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! வைரசை உடம்பு எதிர்க்கவேண்டிய நேரத்தில் அந்த எதிர்ப்பையே அடக்கிவிட்டு, சீனியையும் 400க்கு மேலே ஏற்றிக்கொண்டு வருவார்கள். சலரோகம் இவ்வளவு பரவியுள்ள ஒரு ஊரில் இது சின்ன விடயமில்லை. கையில் இருக்கிற நல்ல மருந்தை நாள் தெரியாமல் போட்டால் என்ன நடக்கும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கட்டிலடியில் நின்று பார்த்தேன்.

இன்னொன்று, குப்புறப் படுக்கவைப்பது. மல்லாந்து படுத்தால் இதயத்தின் பாரமும் வயிற்றின் பாரமும் நுரையீரலின் பின்பக்கத்தை அழுத்தி மூடிவிடும். கவிழ்ந்தால் அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். கடுமையான சுவாசச் செயலிழப்பில் இது உயிர் காக்கும் என்பது 2013இலேயே நிறுவப்பட்ட விடயம். விழித்திருக்கிற நோயாளியிலும் இது உதவும் என்பதைக் கொரோனா காட்டித் தந்தது. எங்கள் விடுதியில் ஒரு தாதி ஒரு அம்மாவின் நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய போர்வை என்று அணைகொடுத்து, "அம்மா, ஒரு பக்கமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடவுங்கோ, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்று முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். 86இல் நின்ற எண் இருபது நிமிடத்தில் 93க்கு ஏறியது. அந்தத் தாதி அடுத்த கட்டிலுக்குப் போனதும் அம்மா மல்லாந்து படுத்துவிட்டார். எண் மறுபடி இறங்கியது.

நெரிசல் கொல்கிறது என்று சொல்வதன் பொருள் இதுதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலைகளில் பார்த்த ஓர் ஆய்வில், அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கொரோனா நோயாளிகளின் நெருக்கடி உச்சத்தில் இருந்த நாட்களில் சேர்ந்தவர்களுக்கு, நெருக்கடி குறைந்த நாட்களில் சேர்ந்தவர்களைவிட இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. கற்ற அறிவு அப்படியே இருக்கும். அதைச் செய்ய ஆள் இருக்காது. ஒட்சிசன் கணக்கும் அப்படித்தான். ஒரு பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லீற்றர் இருக்கிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு 15 லீற்றர் வேண்டிய ஒருவருக்கு அது எட்டு மணித்தியாலம்கூட வராது. மூக்கு வழியாக உயர்வேகத்தில் நிமிடத்துக்கு 60 லீற்றர் கொடுக்கும் கருவியில் முழு ஒட்சிசனாகக் கொடுத்தால் இரண்டு மணித்தியாலம் தாண்டாது. 2021 ஓகஸ்ட் கடைசியில் நாட்டில் ஒரு நாளிலேயே 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நாட்களில் சிலிண்டர் மாற்றுகிற ஊழியர்களின் கால்களில்தான் எத்தனையோ உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

புள்ளிவிவரங்களில் வராத ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கள் வைத்தியசாலைகளில் பாதிப் பராமரிப்பைச் செய்வது வீட்டுக்காரர். பிளாஸ்க்கில் கஞ்சி, கிண்ணத்தில் இடியப்பமும் சொதியும், பக்கத்தில் நின்று "இன்னொரு வாய்" என்று தீத்திவிடுகிற மகள். கொரோனா விடுதிக்குள் அவர்களுக்கு இடமில்லை. காது கேளாத, கண்ணாடியை வீட்டில் விட்டுவந்த ஒரு எண்பது வயது ஐயா, முகமே தெரியாத வெள்ளை உடுப்புக்காரர் மத்தியில் நான்கு நாள் கிடந்தால் என்னாவார்? சாப்பாடு மேசையில் ஆறிக் கிடக்கும். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க அவருக்குக் கையில் பலமிருக்காது. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து, நாலாம் நாள் நினைவு தடுமாறி, ஒட்சிசன் முகமூடியைப் பிடுங்கி எறிவார். நுரையீரல் தேறிவந்த நேரத்தில் சிறுநீரகம் விழுந்த நோயாளிகள் எங்களுக்கு இருந்தார்கள். அதன் பிறகுதான், ஓரளவு தேறிய நோயாளிகளைப் பக்கத்துக் கட்டில் ஐயா அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினோம். முகக்கவசத்தோடு ஒரு பெடியன் ஸ்ட்ரோவைப் பிடித்துக்கொண்டு நின்றது எந்த மருந்துக்கும் குறையாத சிகிச்சை. அடுத்த பெருந்தொற்றுக்கு யாராவது திட்டம் போடுகிறார்கள் என்றால், பாதுகாப்பு உடை கொடுத்து ஒரு வீட்டுக்காரரை உள்ளே விடுவதற்கான வழியை முதற் பக்கத்திலேயே எழுதவேண்டும் என்பேன்.

இன்னொன்றையும் விளக்கவேண்டும். இலங்கையில் 2020இல் தொற்று உறுதியான எல்லாரையும், அறிகுறியே இல்லாவிட்டாலும், வைத்தியசாலைக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ கொண்டுபோனோம். எங்கள் பக்கத்தில் மருதங்கேணி வைத்தியசாலையும் கோப்பாய்க் கல்வியியற் கல்லூரியும் அதற்காகவே திறக்கப்பட்டன. 2021 நடுப்பகுதிக்குப் பிறகு இலேசான நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் தொடங்கினோம். அதனால் உள்ளே வந்தவர்கள் கடுமையானவர்கள் மட்டும். "முந்தி எல்லாரும் பிழைச்சு வந்தவை, இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனாச் சாவுதான்" என்று ஊரில் பேச்சுக் கிளம்பியதற்கு ஒரு பாதிக் காரணம் இது. அந்தப் பேச்சு இன்னும் பலரைப் பத்தாம் நாள்வரை வீட்டில் பிடித்துவைத்தது.

கொரோனா தொடாதவர்களையும் அந்தப் பயம் கொண்டுபோனது. 2020 மார்ச் முடிவில் இங்கிலாந்தில் மாரடைப்போடு வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை 40 வீதம் குறைந்திருந்தது. மாரடைப்பு அங்கே குறைந்துவிடவில்லை. இத்தாலியின் லொம்பார்டியில் வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களின் தொகை அந்த மாதங்களில் முந்தைய ஆண்டைவிட 58 வீதம் கூடியது. இங்கே ஊரடங்குக் காலத்தில் நெஞ்சு நோவோடு மூன்றாம் நாள் வந்த ஒரு கடைக்காரரை நான் பார்த்தேன். "பி.சி.ஆர். எடுப்பாங்கள், பிறகு எங்க கொண்டு போவாங்களோ" என்று வீட்டில் இருந்தவர். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி முதல் சில மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் இதயத் தசை மிஞ்சும். 12 மணித்தியாலம் கடந்தால் பயன் மிகக் குறைவு. மூன்றாம் நாள் வந்தவருக்கு அதைப் போட வழியில்லை. அவர் இருக்கிறார், ஆனால் கடையின் இரண்டு படி ஏற நின்று மூச்சு வாங்குகிறார். அவருக்குக் கொரோனா வரவே இல்லை.

நாள் கணக்கு கொரோனாவோடு முடியவில்லை. 2024 டிசம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவியபோது மறுபடி அதே கேள்வி. அது வைரஸ் அல்ல, பற்றீரியா. நேரத்தோடு அன்டிபயோட்டிக் கொடுத்தால் கேட்கும் நோய். "வயலுக்க இறங்கினனீங்களோ?" என்று கேட்பதற்கும் முன் "எத்தனையாம் நாள்?" என்று கேட்டேன். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகு வந்தவர்களிடம் மருந்து தோற்றுப்போனது.

ஆகவே வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்கினால் அன்றைய திகதியைக் கலண்டரில் குறியுங்கள். ஊரில் சுவாசத் தொற்றுப் பரவுகிற காலம் என்றால், வயதானவர்கள், சலரோகம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணித் தாய்மார் ஆகியோருக்குக் காலையும் மாலையும் ஒட்சிசன் அளவு பார்த்து எழுதுங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத, குளிராத விரலில் மாட்டி, எண் ஒரு நிமிடமாவது நிலைத்து நின்ற பிறகு வாசியுங்கள். வீட்டுக்குள் சில நிமிடம் நடந்துவிட்டும் பாருங்கள். நடக்கமுன் இருந்ததைவிட மூன்று நான்கு புள்ளி இறங்கினால் அது எச்சரிக்கை. 94க்குக் கீழே போனால் இளைப்பு இல்லாவிட்டாலும் வாருங்கள். நெஞ்சு நோ, வாய் கோணுதல், கை கால் இழுத்தல் என்றால் எந்த ஊரடங்கிலும் அந்த நிமிடமே வாருங்கள். பாஸ் தேவையில்லை, 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

வரும்போது கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசைகள் எல்லாம் அந்தந்தப் பக்கெற்றோடு, மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, போன் சார்ஜர். தண்ணீருக்கு, மூடியைத் திறக்காமலே உறிஞ்சக்கூடிய போத்தல் ஒன்று.